நாற்பதாவது வினா: பொருளியல் வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர்கள் வெளியே தெரிவதில்லை, தெரியவும் கூடாது. தனிக் கடிதம் எழுத முகவரி இல்லாததால் இப்படித் திறந்த மடலாக எழுதுகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தும் முதுகலை ஆசிரியர் நான். உங்களில் சிலர் எனக்கு மூத்தவர்களாக இருப்பீர்கள், சிலரோடு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே மேசையில் உட்கார்ந்தும் இருப்பேன்.

பாடநூலை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. வினாத்தாளின் அமைப்பையும் மாற்ற வேண்டாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது, இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, மூன்றில் பத்துக்கு ஏழு, ஐந்தில் ஏழு, ஆக 90 என்பது அப்படியே இருக்கட்டும். இரண்டு மதிப்பெண் பகுதியில் 30ஆம் எண்ணும் மூன்று மதிப்பெண் பகுதியில் 40ஆம் எண்ணும் கட்டாய வினாக்கள். அந்த இரண்டை மட்டும், அதாவது 90இல் ஐந்து மதிப்பெண்ணை மட்டும், பிள்ளைகள் தங்கள் ஊரில் அன்றாடம் பார்க்கும் பொருளாதாரத்துக்கு ஒதுக்குங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் பாடத்தில் நான்கு இலக்கணங்கள். 1776இல் ஆடம் ஸ்மித் செல்வத்தைச் சொன்னார், 1890இல் மார்ஷல் நலத்தைச் சொன்னார், 1932இல் ராபின்ஸ் பற்றாக்குறையைச் சொன்னார், பின்னர் சாமுவேல்சன் வளர்ச்சியைச் சேர்த்தார். பிள்ளைகள் இந்த நால்வரையும் ஆண்டோடு ஒப்பிக்கிறார்கள். பாடத்தின் முடிவில் அச்சிட்டிருக்கும் ‘புக் பேக்’ வினாக்களைக் கடந்து ஒரு வினாவும் வராது என்று அவர்களுக்கு ஜூன் மாதமே தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் யார்தான் மற்றதைப் படிப்பார்கள்? விருப்பங்கள் எண்ணற்றவை, வளங்கள் கிடைப்பருமையானவை, அவற்றுக்கு மாற்றுப் பயன்கள் உண்டு என்று பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம், “உங்கள் வீட்டுக் கிணற்றில் இந்த ஆண்டு தண்ணீர் குறைவு. அப்பா மக்காச்சோளம் போட்டாரா, தக்காளி போட்டாரா? ஏன்?” என்று கேட்டால் முழிக்கிறது. ராபின்ஸ் சொன்னதைத்தான் அதன் அப்பா அந்த வயலில் செய்துகொண்டிருக்கிறார் என்பதை நாம் அதற்குக் காட்டவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது. கேரளத்துக்குப் போகும் காய்கறியில் பெரும்பங்கு இங்கிருந்து லாரி ஏறுகிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சந்தையோடு ஏதோ ஓர் உறவு உண்டு. தக்காளி விலை சரியும்போது தோட்டத்தில் பழத்தைப் பறிக்காமல் அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இதைச் செய்தியில் பார்க்கிற பட்டணத்துக்காரர், கோபத்திலோ விரக்தியிலோ விவசாயி அப்படிச் செய்கிறார் என்று நினைப்பார். பிளஸ் ஒன் பாடத்தில் செலவு, வருவாய் பற்றிய அத்தியாயத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளை அப்படி நினைக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில் விலைபோகிறது. ஒரு பெட்டிக்குப் பறிகூலியும் வண்டி வாடகையும் சேர்த்து 50 ரூபாய், மண்டிக் கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 80 ரூபாய்க்குப் போனால் கமிஷன் 8, கைக்கு வருவது 72. அதில் 50 போக 22 மிஞ்சும். உழவு, நாற்று, உரம், மருந்து என்று முன்பே போட்ட பணத்துக்கு இந்த 22 போதாமல் இருக்கலாம். மொத்தத்தில் நட்டமே வரலாம். ஆனாலும் பறிப்பதுதான் சரி, ஏனென்றால் பறிக்காவிட்டால் அந்த 22 ரூபாயும் இல்லை. அதே பெட்டி 45 ரூபாய்க்குப் போனால் கமிஷன் போகக் கைக்கு வருவது 40 ரூபாய் 50 காசு. பறித்துக் கொண்டுவந்து சேர்க்க ஆன செலவோ 50. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்பதரை ரூபாயைக் கையிலிருந்து போட வேண்டும். செடியிலேயே விட்டால் இந்தக் கூடுதல் நட்டமாவது மிச்சம். உரத்துக்கும் நாற்றுக்கும் போட்ட பணம் பறித்தாலும் போனதுதான், பறிக்காவிட்டாலும் போனதுதான். இன்றைய முடிவில் அதற்கு வேலையில்லை.

மாறும் செலவு (பறிகூலிபோல அளவோடு கூடிக் குறைவது), மாறாச் செலவு (அளவு எதுவானாலும் மாறாதது) என்று இரண்டு தலைப்புப் போட்டு, நடுவில் கோடு இழுத்து, நான்கு வேறுபாடுகள் எழுதும் வினா நம் தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வேறுபாடு என்னவென்று பிள்ளை எழுதிவிடுகிறது. அந்த வேறுபாட்டை வைத்து என்ன செய்வது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? மேலே சொன்ன கணக்கை ஒருநாள் கரும்பலகையில் போட்டேன். வழக்கமாக வாய் திறக்காத கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “பறிகூலி ஆள் கணக்குங்க ஐயா, பெட்டிக் கணக்கு இல்லை. காய் கம்மியா இருந்தா பெட்டிக்குக் கூலி ஏறும்” என்றான். கடைசிப் பறிப்பில் செடியில் பழம் குறைந்திருக்கும், அதே கூலிக்கு ஓர் ஆள் நிரப்பும் பெட்டி குறையும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஆகும் செலவு கூடும். சராசரி மாறும் செலவு ஏன் ஒரு கட்டத்துக்குப் பிறகு மேலே ஏறுகிறது என்று படம் வரைந்து நான் விளக்கப் பார்த்ததை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். காலாண்டில் அவன் பொருளியலில் தேர்ச்சி பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

40ஆம் எண்ணில் இந்தக் கணக்கைக் கேட்கலாம். மூன்று மதிப்பெண்தான். எந்தச் செலவு இன்றைய முடிவைத் தீர்மானிக்கிறது என்று அடையாளம் காட்ட ஒன்று, கழித்துப் பார்க்க ஒன்று, பறிக்கலாமா வேண்டாமா என்று காரணத்தோடு சொல்ல ஒன்று.

எந்த விலையில் எவ்வளவு வாங்குவோம் என்று காட்டும் தேவைக் கோட்டுப் பாடத்துக்கு ஆடி மாதம் இருக்கிறது. விலை குறைந்ததால் கூடுதலாக வாங்குவது வேறு, விலை மாறாதபோதே வாங்கும் ஆசை கூடுவதோ குறைவதோ வேறு. முதலாவது கோட்டின் மேலேயே நகர்வது, நம் நூலில் தேவையின் விரிவு, சுருக்கம். இரண்டாவது கோடே இடம்பெயர்வது, தேவை அதிகரித்தல், குறைதல். எத்தனை தடவை நடத்தினாலும் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். பட்டப் படிப்பு முடித்தவர்களும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆடியில் கல்யாணம் இல்லை, எனவே பட்டுச் சேலைக்கான தேவைக் கோடே இடப்பக்கம் நகர்கிறது. கடைக்காரர் தள்ளுபடி அறிவிக்கிறார், விலை குறைந்ததும் நகர்ந்துவிட்ட அந்தப் புதிய கோட்டின் மேல் கீழ்நோக்கி இறங்குகிறோம், விற்பனை கூடுகிறது. ஒரே மாதத்தில் இரண்டும் நடக்கின்றன. தை மாதத்து மதுரை மல்லியும் இப்படித்தான். பனியால் வரத்து குறைகிறது, பொங்கலுக்கும் முகூர்த்தத்துக்கும் தேவை கூடுகிறது, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ விலை ஆயிரங்களில் ஏறுகிறது. தேவைக் கோடும் வரத்தைக் காட்டும் அளிப்புக் கோடும் சேர்ந்து நகரும்போது விலை என்னவாகும், விற்கும் அளவு என்னவாகும் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டுப் பாருங்கள். விலை ஏறும் என்பது உறுதி. அளவு எப்படி மாறும் என்பது எது அதிகமாக நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. ‘சொல்ல முடியாது’ என்பதும் சரியான விடையாக இருக்கக்கூடும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளும் இடம் அது.

(இடையில் ஒன்று. விலையைச் செங்குத்து அச்சில் போடும் வழக்கம் மார்ஷலிடமிருந்து நமக்கு வந்தது. கணிதம் நன்றாகப் படிக்கிற பிள்ளை, காரணமாக இருக்கும் மாறி கிடைமட்ட அச்சில்தானே வர வேண்டும் என்று கேட்கும். நல்ல கேள்வி. அச்சுகளை மாற்றி வரைந்து, பெயரும் சரியாக எழுதியிருந்தால் மதிப்பெண்ணைப் பிடுங்காதீர்கள் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.)

வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் மற்றதன் மதிப்பு, என்றாலே நெல்லா கரும்பா என்ற எடுத்துக்காட்டைத் தவிர வேறொன்று நம் கைவசம் இல்லை. பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளையின் தலைக்குமேல் இதைவிடப் பெரிய வாய்ப்புச் செலவு தொங்கிக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் கட்டணமே இல்லை என்று வையுங்கள். அப்போதும் படிப்பு இலவசமல்ல. அந்த மூன்று ஆண்டுகளில் நூற்பாலையிலோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ சம்பாதித்திருக்கக்கூடிய கூலி கைவிட்டுப் போகிறது. ஏழை வீட்டில் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. கட்டணம் கட்டுவதற்கென்று அல்லாமல் பணமாகவே கையில் தருவதால் வாய்ப்புச் செலவில் எந்தப் பகுதி ஈடாகிறது? மாதக் கூலியில் அது எத்தனை பங்கு? இந்த உதவியைப் பெறப்போகும் பிள்ளையிடமே இந்த வினாவைக் கேட்கலாமே. அரசை வாழ்த்தவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கணக்குப் போட்டால் போதும்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025–26 கல்வியாண்டிலிருந்து இல்லை என்றாகிவிட்டது. நுண்ணினப் பொருளியல் முழுவதும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. பொதுத்தேர்வின் அச்சம் போய்விட்டதால் பிளஸ் ஒன் தாளில் துணிந்து மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. அதே வேளையில், பொதுத்தேர்வு இல்லாத பாடத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்ற கவலையும் எனக்கு உண்டு.

பிளஸ் டூவின் பேரினப் பொருளியலில் நான் அதிகம் அஞ்சுவது பணவீக்கப் பாடத்தை. தேவை இழுப்புப் பணவீக்கம், செலவு உந்து பணவீக்கம், தவழும், நடக்கும், ஓடும், பாயும் என்று வகைகளை எல்லாம் அடுக்கிவிடுகிறார்கள். ‘பணவீக்கம் குறைந்தது’ என்று செய்தித்தாளில் வந்தால், விலை குறைந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறார்கள். பெற்றோரும் அப்படியே புரிந்துகொண்டு, அரசாங்கம் பொய் சொல்கிறது என்கிறார்கள். முதலாண்டு 7 சதவீதம், அடுத்த ஆண்டு 2 சதவீதம் என்றால் 100 ரூபாய்ச் சாமான் முதலில் 107 ஆகிறது, பிறகு 109 ரூபாய் 14 காசு ஆகிறது. ஏறும் வேகம் குறைந்ததே தவிர விலை இறங்கவில்லை. 2025 அக்டோபரில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் அதுவரை வந்தவற்றிலேயே மிகக் குறைவு. முந்தைய ஆண்டு அதே மாதத்தில் காய்கறி விலை உச்சத்தில் இருந்ததால் ஒப்பிடும்போது எண் சிறுத்தது என்பது அதற்கு ஒரு காரணம். அப்போது நம் கடைத்தெருவில் பெரும்பாலான சாமான்களின் விலை முந்தைய ஆண்டைவிடச் சற்றே கூடியோ அப்படியேயோதான் இருந்தது. செய்தியும் பொய்யில்லை, அம்மாவின் புலம்பலும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து விளக்கு என்று கேட்டால் ஒரு நல்ல மூன்று மதிப்பெண் வினா கிடைத்துவிடுகிறது.

தக்காளியே இங்கும் உதவும். 2023 ஜூலையில் பல ஊர்களில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்த மாதம் நாட்டின் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 7.44 சதவீதம், காய்கறியை மட்டும் எடுத்தால் 37 சதவீதத்துக்கும் மேல். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் இரண்டு சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி. மேல் வரம்பைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி 6.5 சதவீதத்திலேயே வைத்திருந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதத்துக்கு இறங்கியது. தக்காளி விலையும் படுத்துவிட்டது. வட்டியை ஏற்றினால் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும், தேவை அடங்கும். மழையில் அழுகிய தக்காளியை வட்டி விகிதம் திரும்பக் கொண்டுவராது. ‘பணவியல் கொள்கையின் கருவிகளை விவரி’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கருவி எங்கே வேலை செய்யாது என்று மூன்று மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

தேசிய வருமானப் பாடத்தில், இல்லத்தரசியின் உழைப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது என்று ஒரு வரி வருகிறது. பிள்ளைகள் அதை அடிக்கோடிட்டுவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் குழுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தன் வீட்டில் உப்புமா கிளறுகிறார். பிறகு பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு உப்புமா கிளறுகிறார். அதே கை, அதே ரவை. பள்ளியில் கிளறியதற்குக் கூலி உண்டு, ஆகவே அது தேசியக் கணக்கில் ஏறும். வீட்டில் கிளறியது ஏறாது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம், ஈடுபடும் ஆண்களுக்கு 97. இந்த இரண்டு எண்களையும் கொடுத்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியை வைத்து ஒரு நாட்டின் நலத்தை அளப்பதில் என்ன குறை என்று கேட்டால், இதுவரை மனப்பாடமாகவே இருந்த விடைக்கு உயிர் வரும். ஆண்பிள்ளைகள் வீட்டில் கொஞ்சம் தலைகுனியவும் நேரலாம். பாடத்திட்டத்தில் அது இல்லை என்றாலும் பாதகமில்லை.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள். முகாமில் பேசியபோது காதில் விழுந்தவைதான்.

மெல்லக் கற்கும் மாணவர்கள் என்ன செய்வார்கள், தேர்ச்சி விழுக்காடு இறங்கினால் யார் பதில் சொல்வது என்பது முதலாவது. ஐந்து மதிப்பெண்ணில் தேர்ச்சி இறங்காது. இறங்கும் என்றே வைத்தாலும், யாருக்கு இறங்கும் என்று ஒரு பள்ளியிலாவது சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம். மனப்பாடம் வராத பிள்ளையைத்தான் நாம் ‘மெல்லக் கற்பவர்’ என்கிறோம். சனிக்கிழமை மண்டியில் பெட்டி இறக்கும் பையனுக்குக் கமிஷன் கணக்கு என்னைவிட வேகமாக வரும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வரும் என்று சொல்லவில்லை. இருபது ஒரு மதிப்பெண் வினாக்கள் இருக்கவே இருக்கின்றன, அவர்களைக் கரைசேர்க்க.

மாநிலம் முழுவதும் ஒரே தாள் என்பதால் தக்காளி தெரியாத ஊர்ப் பிள்ளை என்ன செய்யும் என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. சந்தையைப் பற்றிய அறிவை வினா எதிர்பார்க்கக் கூடாது. வேண்டிய எண்கள் எல்லாம் வினாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். இராமநாதபுரத்துக்கு மீன், நாமக்கல்லுக்கு முட்டை, நீலகிரிக்குத் தேயிலை என்று பொருள் மாறினாலும் கணக்கு மாறப்போவதில்லை. நூல் விலை ஏறினால் திருப்பூரில் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடிப் பிள்ளையும் யோசிக்கலாம்.

திருத்துவோர் ஆளுக்கொரு விதமாக மதிப்பெண் போடுவார்கள் என்பது மூன்றாவது. இதுதான் மெய்யான சிக்கல். நாளுக்கு இத்தனைத் தாள் என்று கட்டு வந்து விழும்போது, விடைக்குறிப்பில் இல்லாத விடையை நிறுத்திப் படிக்க யாருக்கும் நேரமில்லை. சரியான காரணத்தைச் சொந்த வார்த்தையில் எழுதிய பிள்ளைக்குச் சுழியமும், தவறான வினாவுக்கு நூலின் பத்தியை அப்படியே இறக்கிய பிள்ளைக்கு இரண்டும் விழுவதைக் கண்டிருக்கிறேன். எனவே வினாவை எழுதுகிற கையே விடைக்குறிப்பையும் எழுத வேண்டும். எதிர்பார்க்கும் கருத்து ஒரு வரி, ஏற்கத்தக்க வேறு விடைகள் இரண்டு வரி, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பது ஒரு வரி. பொருளியல் சொல்லைத் தவறாக எழுதிக் கருத்தைச் சரியாக எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்கக் கூடாது.

கைடு போடுகிறவர்கள் விடமாட்டார்கள் என்பது என் சொந்தப் பயம். இந்த ஆண்டு தக்காளி வந்தால் அடுத்த ஜூனில் ‘தக்காளி வினா – மிக முக்கியம்’ என்று நட்சத்திரக் குறி போட்டு விடையோடு அச்சிட்டுவிடுவார்கள். 45 ரூபாய், 50 ரூபாய் என்று அந்த எண்களையே பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அதற்கு மருந்து ஒன்றுதான்: பறிப்பதே இலாபம் என்று வரும்படி அடுத்த தாளில் எண்களை மாற்றிவிடுவது. ஓரிரு ஆண்டில் கைடுக்காரர்கள் களைத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

பொதுத்தேர்விலேயே தொடங்க வேண்டியதில்லை. வரும் காலாண்டுத் தேர்வில் பிளஸ் ஒன் தாளின் 40ஆம் எண்ணில் மட்டும் ஒரு வினா. விடைத்தாள்களைத் திருத்திய பிறகு, அந்த ஒரு வினாவுக்குப் பிள்ளைகள் எழுதியவற்றைப் பள்ளிக்குப் பத்து வீதம் வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். செலவு, தேவை, வாய்ப்புச் செலவு, பணவீக்கம், தேசிய வருமானம் ஆகிய ஐந்து பாடங்களுக்கும் விடைக்குறிப்போடு மாதிரி வினாக்கள் எழுதி வைத்திருக்கிறேன். மாவட்ட வினாத்தாள் கூட்டத்துக்கு அழைத்தால் கொண்டுவருகிறேன். அழைக்காவிட்டாலும் தலைமை ஆசிரியர் வழியாக அனுப்பிவிடுவேன். தக்காளி வினாவில் பறிகூலியை ஆள் கணக்கில் கொடுப்பதா, பெட்டிக் கணக்கில் கொடுப்பதா என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆள் கணக்கில் கொடுத்தால் கணக்கு ஒரு படி கூடும், மூன்று மதிப்பெண்ணுக்கு அது அதிகமோ என்று எனக்கு ஐயம்.

தங்கள் உண்மையுள்ள,
பொருளியல் முதுகலை ஆசிரியர் ஒருவர்,
அரசு மேல்நிலைப் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்.